மெதுவாகப் பேசுகிறவர்

போர்வையை நான்காக மடித்துத் தலையணை மேல் வைத்துவிட்டு அவர் ஏதோ சொன்னார். அடுப்படியில் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்த அவளுக்குக் கேட்கவில்லை. "என்ன?" என்றாள். அவர் அதே குரலில் மறுபடியும் சொன்னார். "என்னன்னு கேக்கறேன்ல, வாயத் தொறந்து சொல்லுங்களேன்!" அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்து மூடியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். உதடு லேசாக அசைந்தது. கோபம் வந்தால் ஒன்றிலிருந்து பத்து வரை எண்ண வேண்டும் என்பது அவர் பழகிக்கொண்டிருக்கும் வித்தைகளில் ஒன்று. எண்ணி முடித்துப் பக்கத்தில் வந்து, "நடந்துட்டு வரேன்னு சொன்னேன்மா, அவ்வளவுதான்," என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போதெல்லாம் கையில் இருப்பதை அவர் மேல் வீசலாம் போலிருக்கும் அவளுக்கு.

அவர் லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவர். போன வருஷம் ஒரு நாள், ஏழாவது மாடி உயரத்தில் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது கை நடுங்கி ஸ்பேனரைக் கீழே விட்டுவிட்டார். கீழே நின்றவன் தலைக்கு ஒரு சாண் தள்ளி அது விழுந்தது. இன்னொரு தடவை குடித்துவிட்டு வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். மறுநாள் காலை எழுந்ததும் அவர் போர்வையை மடித்தார். அவ்வளவுதான் ஆரம்பம். பிறகு எழுந்தவுடன் ஒரு டம்ளர் தண்ணீர், அரை மணி நேர நடை, சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுவது. பத்து வரை எண்ணுவதும் குரலை உயர்த்தாமல் பேசுவதும் பின்னால் வந்தன. ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் எழுதி டிக் போட்டார். குடி எப்போது நின்றது என்று அவளுக்கே தெரியவில்லை. அலமாரியில் மூன்று சட்டைகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் யாருக்கோ கொடுத்துவிட்டார். தெருவில் இருப்பவர்களெல்லாம் அவளை நிறுத்தி, "கொடுத்து வச்சவம்மா நீ," என்றார்கள்.

கொடுத்துத்தான் வைத்திருந்தாள், ஒரு காதை. மகளுக்கு நாலு வயதிருக்கும்போது அது நடந்தது. சோறு ஆறிப்போயிருந்தது என்பதற்காக ஒரே ஒரு அடி. இடது காதுக்குள் ஏதோ கிழிந்த மாதிரி இருந்தது, அப்புறம் அந்தப் பக்கம் உலகமே நின்றுபோனது. டாக்டர் கேட்டபோது பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாக அவள்தான் சொன்னாள். அவர் பக்கத்தில் நின்று தலையாட்டினார். ஒன்பது வருஷமாக இரண்டு குடும்பத்துக்கும் அதுதான் கதை. ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில், பெரிய பெரிய மெஷின்களின் இரைச்சலுக்கு நடுவே அவளுக்கு வேலை. மிச்சமிருக்கிற காதும் கொஞ்சம் கொஞ்சமாக மங்கி வருவது அவளுக்குத் தெரியும். இப்போது அவர் பூப்போலப் பேசுகிறார். அவள் கத்துகிறாள். புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு அந்த வீட்டில் யார் ராட்சசி என்பதில் சந்தேகமே வராது.

அவர் மாறியது அவளுக்குப் பிடிக்காமல் இல்லை. ஆனால் ஒரு போர்வையை மடிப்பதில் தொடங்கி ஒருவன் இவ்வளவு சுலபமாக மனுஷனாகிவிட முடியும் என்றால், முந்தின பதினைந்து வருஷமும் ஏன் மடிக்கவில்லை? கை வலித்ததா? மாற முடியாதவர் என்று நினைத்துத்தான் அவள் பொறுத்துக்கொண்டிருந்தாள். முடிந்தும் மாறவில்லை என்பது இப்போதுதான் தெரிகிறது. ஒரு முறை அவர் நடைக்குப் போட்டுப் போகிற ஷூவை ஒளித்து வைத்தாள். அவர் வெறுங்காலோடு போய்விட்டு வந்தார். இன்னொரு முறை வேண்டுமென்றே இரண்டு பங்கு உப்பு போட்டாள். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்தார். அன்றைக்குக் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள், தான் இப்படி ஆகிவிட்டோமே என்று.

ஞாயிற்றுக்கிழமை அவருடைய தங்கையும் தங்கையின் புருஷனும் வந்தார்கள். தங்கை அலமாரியைத் திறந்து மூன்று சட்டைகளையும் கோயில் சிலையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "மச்சான், எங்க ஆபீசுக்கு வந்து ஒரு நாள் பேசணும் நீங்க," என்றான் அவள் புருஷன். அவர் வெட்கத்தோடு ஏதோ சொன்னார். எல்லோரும் டீத் தட்டோடு நின்ற அவளைப் பார்த்தார்கள்.

"என்ன?" என்றாள். அது கத்தலாகத்தான் வந்தது. விருந்தாளிகள் இருவரும் சிரித்துவிட்டார்கள்.

"கோச்சுக்காதீங்க அண்ணி," என்றாள் தங்கை, சத்தமாக, நல்ல மனசோடு. "அண்ணா எவ்வளவு பொறுமையா ஆயிட்டாரு! நீங்களும் ஒரு சின்னப் பழக்கம் ஆரம்பிங்களேன். மெதுவா பேசறது. ஒரே ஒரு வாரம் பண்ணிப் பாருங்க."

அவள் தட்டைக் கீழே வைத்தாள். "நான் ஏன் கத்தறேன்னு உங்க அண்ணனக் கேளு."

"பாத்ரூம்ல விழுந்தது…" என்று இழுத்தாள் தங்கை.

"அவர் சொல்லட்டும்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைந்தது. அவளும் மனசுக்குள் கூடவே எண்ணினாள். பத்து தாண்டியது. கண்ணைத் திறந்து, "விழல. நான் அடிச்சதுதான்," என்றார். உதட்டைப் பார்த்தே அவளுக்குப் புரிந்தது.

ஒன்பது வருஷமாக யாரும் சொல்லாத வார்த்தை. இனி இந்த வீட்டில் ஏதாவது இடிந்து விழும் என்று அவள் காத்திருந்தாள். தங்கையின் புருஷன் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "இத ஒத்துக்கறதுக்கு எவ்வளவு பெரிய மனசு வேணும் மச்சான்!" தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அண்ணனுக்காக. "அது அப்போ அண்ணி. இப்பதான் ஆளே மாறிட்டாரே. பழசையே கிளறிட்டிருந்தா உங்களுக்குத்தான கஷ்டம்?"

உள்ளறை வாசலில் மகள் நின்றிருந்தாள். அப்பாவையும் அம்மாவையும் ஒரு முறை மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

விருந்தாளிகள் போன பிறகு அவர் டம்ளர்களைக் கழுவினார். மேஜையில் நோட்டு திறந்தே கிடந்தது. அன்றைய தேதிக்குக் கீழே புதிதாக ஒரு வரி: உண்மை பேசுதல். பக்கத்தில் அழகாக ஒரு டிக்.

மறுநாள் காலை அவர் நடந்துவிட்டு வியர்வையோடு வந்தபோது, அவள் தன் வலது பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டிருந்தாள். "உக்காருங்க."

உட்கார்ந்தார்.

"உண்மை பேசறதுன்னு எழுதியிருக்கீங்க. ஒரு நாளோட விட்டுட்டா அது எப்படிப் பழக்கமாகும்? தினமும் பண்ணணும்ல?"

அவர் புரியாமல் பார்த்தார்.

"பதினஞ்சு வருஷத்துல நீங்க செஞ்சது. தினம் ஒண்ணு. நீங்களே ஞாபகப்படுத்திச் சொல்லணும், நான் எடுத்துக் கொடுக்க மாட்டேன். இந்தக் காதுல விழற மாதிரி, சத்தமா."

"பாப்பா உள்ள இருக்காம்மா."

"இருக்கட்டும். அப்பவும் இருந்தா."

"எத்தன நாளைக்கு?"

"அது உங்களுக்குத்தான் தெரியும்."

அவர் கண்ணை மூடினார். "எண்ணாதீங்க," என்றாள் அவள். கண்ணைத் திறந்தார். அந்தச் சிரிப்பு எங்கேயோ போயிருந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. பழைய ஆள் எழுந்து வந்துவிடுவாரோ என்று ஒரு கணம் அவள் உடம்பு தானாகவே பின்னுக்குச் சாய்ந்தது. ஆனால் அவள் எழுந்திருக்கவில்லை.

"எதுலேர்ந்து ஆரம்பிக்கறது?" என்று கேட்டார் அவர்.

"சின்னதா ஆரம்பிங்க."

அவர் பேசத் தொடங்கினார். முதல் வார்த்தைகள் மின்விசிறியின் கடகடப்பில் கரைந்துபோயின. பள்ளிச் சீருடையில், ஒரு காலில் மட்டும் சாக்ஸோடு மகள் வெளியே வந்தாள். சுவர்ப் பக்கம் கையை நீட்டி மின்விசிறியை நிறுத்தினாள். அது வேகம் குறைந்து, குறைந்து, மூன்று இறக்கைகளும் அவற்றின் ஓரத்தில் படிந்திருந்த கருப்புத் தூசியும் தனித்தனியாகத் தெரியத் தொடங்கின.