பெட்டிக்குப் பின்னால்

நர்ஸ் அருள்மேரி பொன்னுசாமியின் நெஞ்சில் ஒயர்களை ஒட்டிவிட்டு, தலைமாட்டில் திரைச்சீலைக்கு முன்னால் நின்ற பெட்டியின் ஸ்விட்சைத் தட்டினாள். பச்சைக் கோடு ஒன்று துள்ளித் துள்ளி ஓடியது. ஓரத்தில் சிவப்பு விளக்கு மினுக்கியது. கோடு துள்ளுகிறவரை பயப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பொன்னுசாமியின் மனைவி செல்லம்மா அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மினுக்குகிற விளக்கை அவளால் நம்ப முடியாது. புருஷன் வடபழனி ஸ்டுடியோவில் லைட்பாய். ஏதோ ஆபீசில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்று அங்கே இருந்தது. ரெட்டைப் பீரோ உயரம், இரண்டு நாடாச் சக்கரம், வரிசையாக பல்பு. எந்த வில்லன் உலகத்தை அழிக்கக் கிளம்பினாலும் அதுதான் பக்கத்தில் நிற்கும். செத்த மெஷின். உள்ளே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றி, மறு கையின் இரண்டு விரலால் பல்பு ஸ்விட்சுகளை மாற்றி மாற்றி அழுத்துவது பொன்னுசாமிதான். எண்பத்தாறு பொங்கலுக்கு வந்த படத்தைத் தாம்பரம் கொட்டகையில் பார்த்தபோது பல்பு ஓரிடத்தில் தடுமாறியது. வெரல் மரத்துப்போச்சு என்று அவள் காதில் சொல்லிச் சிரித்தான்.

விரல் மரத்துப்போகும். இப்போது அதுதான் நினைவில் நின்றது.

மத்தியானம் அவன் கண் திறந்தான். பெட்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"பின்னாடி ஆள் கீறானா பாரும்மே."

"சும்மா கெடய்யா."

"டீ வாங்கிக் குடு அவனுக்கு. தூங்கிடப் போறான்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்து பார்க்கவும் கால் வரவில்லை. ஆள் இருந்தால் பயம். இல்லாவிட்டால் அதைவிடப் பயம். பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தேதான் போர்வை நுனியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சிஸ்டர், அது நிக்காதில்ல?"

"கரண்ட் போனாக்கூட நிக்காதும்மா. பேட்டரி இருக்கு."

அவள் கரண்டைக் கேட்கவில்லை.

சாயந்தரம், ஆஸ்பத்திரிக்கு எதிரே ஸ்டேஷனுக்குள் மின்சார ரயில் ஒன்று ஊதிக்கொண்டு நுழைந்த நேரம், கோடு தடுமாறியது. ஒரு துள்ளல். இடைவெளி. இன்னொரு துள்ளல். செல்லம்மா எழுந்து, பெட்டிக்குப் பின்னாலிருந்த திரைச்சீலையைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"அண்ணே, இன்னும் கொஞ்ச நேரம். கைய எட்த்துடாதண்ணே."

நர்ஸ் ஓடி வந்தாள். டாக்டர் நெஞ்சை அமுக்கி அமுக்கிப் பார்த்தார். கோடு நேராகவே ஓடியது. பிறகு ஸ்விட்சை அணைத்தார்கள்.

யாருக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டார்கள். மாடம்பாக்கத்துக்கு, கொழுந்தனுக்கு என்றாள். எல்லோரும் நகர்ந்த பிறகு திரைச்சீலையை விலக்கினாள்.

சுவர். பிளக். யாரோ போட்டுவைத்திருந்த ஒரு ஸ்டூல்.

அதில் உட்கார்ந்தாள்.

"அம்மா? அங்க என்ன பண்றீங்க?" என்றாள் திரும்பி வந்த நர்ஸ்.

மடியில் அவளது இரண்டு விரல்கள் மாறி மாறி அழுத்திக்கொண்டிருந்தன.