கூரைக் கண்ணாடியின் ஆறு திருகுகள்

என் அக்கா புருஷனை நான்தான் கெடுத்தேன் என்று சொல்கிறார்கள். நான் எதையும் கெடுக்கவில்லை. சும்மா இருந்தேன். அதுவே கொஞ்சம் சிரமமான வேலைதான்.

அத்தான் விஞ்ஞானி. நான் அதே ஆய்வுக்கூடத்தில் கருவிகளைப் பராமரிக்கிறவன். எங்கள் அறையிலிருந்து பச்சை லேசர் ஒளி கூரைக் கண்ணாடி வழியாக மேலே போகும், காற்றிலுள்ள துகள்களில் பட்டுத் திரும்பி வரும். நீர்த்துளி உருண்டை, அதில் பட்ட ஒளி போனபடியே வரும். பாலைவனத் தூசி கோணல்மாணல். ஒளியின் அதிர்வைத் திருகித்தான் அனுப்பும். எவ்வளவு திருகலோ அவ்வளவு தூசி. ஆயிரம் மைல் தாண்டி அந்தத் தூசி எப்போது நம் தலைக்கு மேல் வருகிறது என்பதுதான் அத்தானின் ஆராய்ச்சி.

ஒரு மழையில் கூரைக் கண்ணாடியின் ஓரம் ஒழுகியது. அத்தான் அதன் திருகுகளை இறுக்கச் சொன்னார், திருப்புளியால் இறுக்கினேன். "இன்னும்" என்றார்.

"சார், இதுக்கு மேல இறுக்கினா அந்த அழுத்தத்துல கண்ணாடியே ஒளியைத் திருகிடும். தூசி இல்லாமலே தூசி தெரியும். புது ரப்பர் வாங்கி மாத்திடலாம்."

அறையில் நாலு பேர் இருந்தார்கள். "திருப்புளிக்கு இயற்பியல் வந்துடுச்சுப்பா" என்றார் அத்தான். எல்லோரும் சிரித்தார்கள். "எதுவா இருந்தாலும் எழுத்துல கொடு. வாயால எனக்குப் பாடம் எடுக்காத."

அன்றிலிருந்து என் பெயர் திருப்புளி. வீட்டில் அக்கா முன்னாலும் அப்படியே கூப்பிட்டார். அவளும் ஒரு தடவை சிரித்தாள். அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

எழுதினேன். பராமரிப்புப் பதிவேட்டில் தேதி போட்டு, ஆறு திருகுகளும் அளவுக்கு மேல் இறுக்கப்பட்டிருக்கின்றன, அளவீடு தவறும் என்று எழுதினேன். திங்கட்கிழமை அத்தான் அதன் கீழே படிக்காமல் கையெழுத்துப் போட்டார். கையெழுத்துப் போடுவதில் அவர் சூரப்புலி. ஊதுற சங்கை ஊதியாச்சு, விடிகிறபோது விடியட்டும் என்று நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

விடிய இரண்டு வருஷம் ஆயிற்று. அதற்குள் அத்தான், மழைக்காலத்திலும் பாலைவனத் தூசி வருகிறது என்று இதுவரை யாரும் சொல்லாததைச் சொல்லிக் கட்டுரை போட்டுவிட்டார். வேலை நிரந்தரமாக அது போதும் என்றார்கள். வேலை நிரந்தரமாகும் என்று நம்பித்தான் அக்கா ஆரம்பத்திலேயே தன் டீச்சர் வேலையை விட்டுவிட்டு இந்த ஊருக்கு வந்திருந்தாள். நிரந்தரமானதும் தைக்கலாமென்று ஜன்னல் திரைக்குத் துணிகூட எடுத்து வைத்திருந்தாள். ஞாயிறுதோறும் எனக்கு அங்கேதான் சாப்பாடு. அத்தான் தூசியைப் பற்றிப் பேசுவார், நான் தலையாட்டிக்கொண்டே இன்னொரு கரண்டி போட்டுக்கொள்வேன்.

நிரந்தர வேலைக்கான நேர்காணலுக்கு வெளியிலிருந்து ஒரு நிபுணர் வந்தார், நரைத்த தலை அம்மா. எங்கள் அறைக்கே வந்து திரையைப் பார்த்தார்.

"பத்து கிலோமீட்டருக்கு மேல வெறும் காத்துதானே இருக்கு? அங்கயும் ஒளி திருகித்தானே வருது. எல்லா உயரத்துலயும் ஒரே மாதிரி. கண்ணாடியை யார் பாத்துக்கறாங்க?"

பதிவேட்டோடு போய் நின்றேன். அந்த அம்மா படித்தார், பிறகு திருகுகளைத் தளர்த்தச் சொன்னார். ஏணியில் ஏறி ஒவ்வொன்றையும் கால் சுற்றுத் தளர்த்தினேன். திரையில் அத்தானின் தூசி மளமளவென்று இறங்கிக் காணாமல் போனது.

"ஏன்டா சொல்லல?" திரையைப் பார்த்தபடியே கேட்டார் அத்தான்.

"எழுத்துல கொடுத்தேன் சார். உங்க கையெழுத்து இருக்கு."

அந்த 'சார்' எனக்கு எவ்வளவு இனித்தது என்று சொன்னால் என்னைக் காறித் துப்புவீர்கள்.

அத்தானின் வேலை போயிற்று. கட்டுரை தவறென்று அத்தானே கைப்பட எழுதிக் கொடுத்தார். அவர்கள் வீட்டைக் காலி செய்த அன்று சாமான் ஏற்றப் போனேன். வண்டியில் உட்கார்ந்திருந்த அத்தான் என் பக்கம் திரும்பவில்லை. அக்கா தைக்காத திரைத் துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு ரெண்டு வருஷமா தெரியும்."

"பதிவேட்டுல அப்பவே..."

"நூறு ஞாயித்துக்கிழமை என் கையால சாப்பிட்டிருக்க. அத்தனை நாளும் திங்கறதுக்கு மட்டும்தான் வாயத் திறந்தியாடா?"

நான் கை நீட்டினேன். துணியை என்னிடம் தராமல் தானே தூக்கிக்கொண்டாள்.

"இனிமே எங்கிட்டயும் எதுவா இருந்தாலும் எழுத்துலயே கொடு" என்றாள்.

எந்த முகவரிக்கு என்று சொல்லவில்லை.