ஒரே வீட்டுக்குப் போகும் பாலம்

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநில மலையூர்களில் மார்ச் மாதம் ஊர்க்கூட்டம் நடக்கும். சாலைக்கு எவ்வளவு, பள்ளிக்கு எவ்வளவு என்று ஊரே உட்கார்ந்து கையைத் தூக்கி முடிவு செய்யும். ஆல்டன் தேயர் மட்டும் எதற்கெடுத்தாலும் ‘வேண்டாம்’ என்பான். அவரவர் பாட்டை அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டும், அடுத்தவன் பையில் கைவிடக் கூடாது. அவனுக்கு அதுதான் வேதம். அவன் மனைவி ஹாரியட் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுவாள். கூட்டத்தில் அவள் வாயைத் திறந்ததே இல்லை.

இந்த வருடம் அவர்கள் வீட்டுக்குப் போகும் ஓடைப் பாலமே விவாதத்துக்கு வந்தது. பலகைகள் உளுத்துவிட்டன. ஊர்ச் செலவில் மாற்றுவதா, அப்படியே விடுவதா? விட்டால் பனி உருகும்போது ஓடை அடித்துக்கொண்டு போய்விடும். மூட்டு அறுவைக்குப் பிறகு ஹாரியட்டுக்குக் கார்தான் கால். தேவாலயப் பாட்டுக்குழு, சீட்டாட்டத் தோழிகள் எல்லாம் ஓடைக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் ஆல்டனும் அவன் கொள்கையும் மட்டுமே.

முதலில் எழுந்தவன் ஆல்டன்தான். “ஒரே வீட்டுக்குப் போற பாலம். நான் போய்வர நீங்க ஏன் தண்டம் அழணும்? வேண்டாம்.”

மனுஷன் தன் கழுத்துக்குத் தானே கத்தி வைக்கிறானே என்று ஊரே அவனைத் திரும்பிப் பார்த்தது. ஹாரியட் பின்னலை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தாள். உங்கள் வீட்டுக்காரரே வேண்டாம் என்கிறாரே என்றார் கூட்டத்தை நடத்தியவர்.

“அது அவரோட ஓட்டு. எனக்குன்னு ஒண்ணு இருக்கு,” என்றாள். “நாப்பது வருஷமா சுதந்திரம் சுதந்திரம்னு இவர் பேசிக் கேட்டாச்சு. எனக்கு அந்தப் பலகைதான் சுதந்திரம். அது போச்சுன்னா, இவர் டிராக்டர்ல தொத்திக்கிட்டுத்தான் நான் வெளியே வரணும். தனியா நிக்கணும்னாலும் காலுக்குக் கீழே ஊர் போட்ட பலகை ஒண்ணு வேணும்.”

பாலம் வேண்டும் என்று முடிவாயிற்று. எதிர்த்துத் தூக்கிய கை ஆல்டனுடையது மட்டும்தான். அவனுக்குக் கோபமே இல்லை. உன் கருத்து உன்னுடையது என்று அவளிடம் சொல்லிவிட்டு, கூட்டம் முடிந்து நடந்த பொதுப் பந்தியில் ஆப்பிள் வைத்துச் சுட்ட பலகாரத்தில் இரண்டு துண்டு வெட்டிக்கொண்டான்.

திரும்பும்போது ஹாரியட் கார் ஓட்டினாள். பாலத்தருகே நிறுத்தச் சொல்லி அவன் இறங்கிக்கொண்டான்.

“இத்தனை நாளா யாரும் கேக்கலை, போனேன். இன்னைக்குக் கேட்டாங்க, வேண்டாம்னுட்டேன். இனிமே எந்த மூஞ்சியோட அது மேல போறது?”

“உன் இஷ்டம்,” என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குப் பாலத்தைக் கடந்தாள். ஆத்திரம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். அக்கரையில் இறங்கிப் பார்த்தால், பூட்ஸைக் கையில் பிடித்தபடி முழங்கால் ஆழப் பனித்தண்ணீரில் வருகிறான் கிழவன். கரைக்கு இரண்டடி இருக்கையில் கல் வழுக்கி, தொப்பென்று ஓடையில் உட்கார்ந்தான்.

கைத்தடியை ஊன்றிக்கொண்டு ஹாரியட் இறங்கிப்போய்க் கையை நீட்டினாள். ஆல்டன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“எந்திரிக்கிறியா, இல்லே இதுக்கும் ஊரைக் கூட்டணுமா?”

பிடித்துக்கொண்டான். எழுந்ததும் பற்கள் தந்தியடிக்கச் சொன்னான்: “பலகை போட வர்றப்ப என்னையும் கூப்பிடச் சொல்லு. ஆணி நான் அடிக்கிறேன்.”