வறண்ட குழாய்கள்

ஹயசாகா மேடம் எங்கள் தொடக்கப் பள்ளிக்குத் தலைமையாசிரியராக வந்த அன்றே தன் அறைக் கதவைக் கழற்றச் சொன்னார். தலைமைப் பண்புப் பயிற்சியில் ஆறு வாரம் இருந்துவிட்டு வந்தவர்.

"கெட்ட செய்தின்னா நேரா எங்கிட்ட கொண்டு வாங்க" என்றார்.

ஆறு மாதமாகியும் ஒருவரும் போகவில்லை. கதவில்லாததால் உள்ளே யார் நிற்கிறார் என்பது ஆசிரியர் அறை முழுக்கத் தெரியும்.

பள்ளியின் பாதுகாப்புப் பொறுப்பு என்னுடையது. மைதானத்தின் வடக்கில் மலைச்சரிவு. அதன் தடுப்புச் சுவரில் நீர் வடியப் பதித்த குழாய்களில் வெயில் காலத்திலும் தண்ணீர் சொட்டும். அந்தப் புதன்கிழமை, ஐந்தாம் நாளாக மழை பெய்துகொண்டிருந்தது. குழாய்கள் வறண்டிருந்தன.

சனிக்கிழமை விளையாட்டு விழா. சுவரடியில்தான் முதல் வகுப்புப் பிள்ளைகள் நாற்பத்து மூன்று பேருக்கு இடம். வீட்டுக்குப் போகும் வழியும் அதுவே.

'தண்ணீர் சரிவுக்குள் தேங்குகிறது. பிள்ளைகளை அங்கே விடக் கூடாது' என்று எழுதிக் கொடுத்தேன். கையெழுத்துக்குப் பதிலாக மூன்று பேரின் முத்திரை விழுந்த பிறகே எந்தத் தாளும் மேடத்திடம் போகும். துணைத் தலைமையாசிரியர் நினோமியா படித்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

"'கூடாது'ன்னா உத்தரவு போடற மாதிரி இருக்குப்பா. விழா நேரத்துல அவங்கள ஏன் பயமுறுத்தணும்? நான் பக்குவமா எழுதிக்கறேன்."

வெள்ளிக்கிழமை மதியம் தாள் திரும்பி வந்தது. 'வடக்குச் சுவரில் தற்போது நீர்க்கசிவு இல்லை.' கீழே மூன்று முத்திரைகளும் இடப்பக்கம் சாய்ந்திருந்தன. மேலதிகாரியின் முத்திரையைப் பார்த்துக் குனிவதுபோல் சாய்த்து வைப்பது எங்கள் மரியாதை. மேடத்தின் முத்திரை நேராக நின்றது. பக்கத்தில் பென்சிலில்: 'நல்ல செய்தி. நன்றி.'

எழுந்தேன்.

"குசுனோக்கி, எங்க போற? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகணும்ல" என்றார் நினோமியா.

"புதன்கிழமையே சொன்னேன் சார்."

மார்ச்சில் என் மனைவி இறந்தாள். அதன் பிறகு யார் மனம் கோணும் என்ற கவலை விட்டுப்போயிருந்தது. அது தைரியம் இல்லை.

தாளை மேடத்தின் மேஜைமேல் வைத்தேன். "இது நல்ல செய்தி இல்ல மேடம்."

"தண்ணி கசியலன்னுதானே போட்டிருக்கு?"

"வெளிய மழை பெய்யுது மேடம்."

ஜன்னலைப் பார்த்தார்.

"நான் சீல் வெச்சுட்டேனே."

"ஆமா மேடம்."

ரப்பர் பூட்சை மாட்டிக்கொண்டு வந்தார். குழாய்க்குள் விரலை விட்டார். ஈரமில்லை. சுவரில் உள்ளங்கையை வைத்தவர் உடனே எடுத்துக்கொண்டார்.

"இந்த இடம் எப்பவும் இப்படி உப்பியா இருக்கும்?"

"புதன்கிழமை இப்படி இல்ல மேடம்."

நினோமியா குடையோடு ஓடிவந்து மேடத்தின் தலைக்குமேல் பிடித்தார். "பெற்றோர் சங்கத் தலைவர்கிட்ட கலந்து பேசி, விழா முடிஞ்சதும் ஆளக் கூட்டிட்டு வந்து..."

"விழா இல்ல சார். நான் நிறுத்திட்டேன்னு சொல்லிடுங்க."

"எழுத்துல இல்லாம எப்படி மேடம்?"

"அப்புறமா எழுதுங்க. என் சீல் மட்டும் வெச்சா போதும்." பிள்ளைகளின் இடத்துக்குக் கட்டியிருந்த கயிற்றை அவரே பிடுங்கினார். "கதவக் கழட்டிட்டு உள்ளயே உக்காந்திருந்தேன் பாருங்க. என்னைச் சொல்லணும்."

மேலிருந்து ஒரு கல் உருண்டு வந்து அவர் பூட்ஸ் பக்கத்தில் நின்றது. மணி ஒன்று இருபத்தெட்டு. ஒன்றரைக்கு முதல் வகுப்பு வீட்டுக்குப் போகும்.

மேடம் ஓடினார். நானும் ஓடினேன். முதல் வகுப்பின் மஞ்சள் தொப்பிகள் வாசலில் வரிசை கட்டியிருந்தன. அவர் கைகளை விரித்து மறித்து நின்றார். விளையாட்டென்று நினைத்து ஒரு குழந்தை சிரித்தது.

"தெற்குக் கேட்டுக்குத் திருப்புங்க. எண்ணிக்கிட்டே கூட்டிட்டுப் போங்க" என்றார் என்னிடம்.

எண்ணினேன். நாற்பத்து மூன்று.

திரும்பிப் பார்த்தபோது நினோமியா குடையோடு சுவரடியிலேயே நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் குழாய்களில் தண்ணீர் வரத் தொடங்கியிருந்தது. சரிவு கரைந்துவரும் சேற்று நிறத்தில்.