வட்டாரத் தலைவரின் வரவேற்புரை

தென் கொரியாவின் இஞ்சியோன் நகரில் ஒரு வட்டார அலுவலகம். அதன் நலப்பிரிவு இணையதளத்தைப் புதுப்பிக்கும் வேலை தோ ஹே-வோன் கைக்கு வந்திருந்தது. அவள் கேட்டது ஒன்றே ஒன்று: தளத்தைத் திறந்ததும் உதவி எண் கண்ணில் படவேண்டும். நடந்தது வேறு. வட்டாரத் தலைவரின் படம், அவருடைய வரவேற்புரை, அவற்றை மறைத்துக்கொண்டு அறிவிப்புச் சதுரங்கள் ஐந்து. எந்த அலுவலகத் தளத்தைத் திறந்தாலும் தலைவர் சிரித்துக்கொண்டு நிற்பார். இவர் மட்டும் நிற்காமல் இருப்பாரா? உதவி எண் நான்கு பக்கம் தள்ளி உள்ளே போனது.

பத்து நாள் கழித்து, வருகிறவர்களின் விரல் திரையில் எங்கெங்கே போகிறது என்று காட்டும் பதிவுகளை ஹே-வோன் பார்த்தாள். பெயரோ ஊரோ அவற்றில் தெரியாது; ஒவ்வொரு கைபேசிக்கும் ஓர் அடையாள எண் மட்டும் இருக்கும். கைபேசியில் வந்த யாரோ ஒருவர் ஐந்து சதுரங்களையும் ஒவ்வொன்றாக மூடினார். விண்ணப்பப் படிவத்தைத் தொட்டார். அது கைபேசியில் திறக்கவில்லை. தேடும் பெட்டியில் எழுதினார்: ‘வீட்டுக்காரருக்குப் பக்கவாதம், வேலைக்குப் போக முடியல, யார்கிட்ட சொல்லணும்.’ பொருத்தமான ஆவணம் இல்லை என்று பதில் வந்தது.

கடைசியாக வரவேற்புரைக்குள் போனார். அது இப்படி முடிந்தது: ‘எங்கள் கதவு உங்களுக்காக எப்போதும் திறந்திருக்கும்.’ அந்த வரியை விரலால் தட்டினார். ஒன்றும் திறக்கவில்லை. மறுபடி தட்டினார். பதினோரு நிமிடம் அங்கேயே இருந்து ஏழு முறை தட்டினார். அது வெறும் எழுத்துதான் என்று அவருக்கு யார் சொல்வது?

மறுநாள் காலை பிரிவுத் தலைவர் பியோவிடம் அதைக் காட்டினாள். காகிதக் கோப்பையில் காபியைக் கலக்கிக்கொண்டே பார்த்தார்.

“பதினோரு நிமிஷமா? வரவேற்புரையிலயா?”

“படிக்கல சார். வழி தேடியிருக்காங்க. அந்த வரியத் தட்டினா யாராவது வருவாங்கன்னு நினைச்சிருக்காங்க.”

“ஏழு தடவ தட்டியிருக்காங்கன்னா மனசத் தொட்டிருக்குன்னு அர்த்தம். அந்த வரி நான் எழுதிக் கொடுத்தது, தெரியும்ல?”

“அப்ப அந்த வரியிலயே உதவி நம்பர இணைச்சிடறேன், தட்டினா போன் போகும். அஞ்சு நிமிஷ வேலை.”

“தலைவர் கையெழுத்துக்கு மேல லிங்க்னு நீலக் கோடா? அவர் பேச்ச கடை நோட்டீஸ் ஆக்கிடுவீங்க போல. என் வேலைக்கு உலை வைக்காதீங்க. போன் வேற ஓயாம அடிக்கும், எடுக்கறது ரெண்டே பேரு.”

“அந்தம்மா என்ன ஆனாங்களோ, சார்.”

பியோ காபியை ஊதினார். “நல்லாத்தான் இருப்பாங்க. நீங்க அந்தப் படத்த இன்னும் கொஞ்சம் பெரிசாக்குங்க. ஜனங்க இவ்வளவு நேரம் நிக்கிறாங்கன்னா சும்மாவா.”

அவளுடைய அடுத்த வருட வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவேண்டியவர் அவர்தான். ஹே-வோன் இருக்கைக்கு வந்து படத்தைப் பெரிதாக்கினாள். கதவு திறந்திருக்கும் என்ற வரி இன்னும் கீழே இறங்கியது. தன்னை நினைத்தே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. பிறகு பதிவுகளில் அந்தக் கைபேசியைத் தேடினாள். அன்றைக்குப் பிறகு அது வரவே இல்லை.