பேசாமல் வைத்த போன்கள்

பெண்கள் காப்பகத்துக்கு அவள் வந்த முதல் நாள், பதிவேட்டை விரித்துக்கொண்டு ஆலோசகர் கேட்டார்.

“வீட்டுக்காரர் அடிச்சாராம்மா?”

“அவர் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆச்சு. இது பையன்.”

ஒரே பையன். கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிப்பவன். சாரத்திலிருந்து விழுந்து, முதுகுவலிக்கு என்று தொடங்கிய மாத்திரை ஆளையே விழுங்கிவிட்டது. அதை அவள் கழிவறையில் கொட்டிய அன்று அவளுடைய மணிக்கட்டை முறித்தான். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளோடு வேலை பார்த்தவள்தான் இங்கே கொண்டுவந்து விட்டாள். அவன் தேடி வருவான் என்று அந்த வேலைக்கும் போகவில்லை.

காப்பகத்தில் கட்டில் இருந்தது, கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருந்தது. ஆனாலும் தட்டின் முன் உட்கார்ந்தால், அவன் சாப்பிட்டானோ என்னவோ என்றுதான் மனம் போய் நின்றது. அடித்த கை நினைவுக்கு வருவதே இல்லை. இமையெல்லாம் வெள்ளைப் பெயின்ட் புள்ளியோடு “பசிக்குதும்மா” என்று வாசலில் வந்து நிற்பானே, அவன்தான் வந்தான்.

மதியம் அலுவலக அறை காலியாக இருக்கும்போது அங்கிருந்த போனில் அவனை அழைப்பாள். அதில் பேசினால் எதிர்ப்பக்கம் எண் தெரியாது. “ஹலோ” என்பான். கேட்டதும் வைத்துவிடுவாள்.

இரண்டு வாரத்தில் ஆலோசகர் கண்டுபிடித்துவிட்டார். “என்னம்மா, போனுக்கு மூச்சுப் பயிற்சி கொடுக்கறீங்களா?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பின்னாலேயே அழுகையும் வந்தது.

ஆலோசகர் திட்டவில்லை. போதை மீட்பு மையத்தின் எண்ணைத் தாளில் எழுதித் தந்தார். “அடுத்த தடவை வைக்கறதுக்கு முன்னாடி இதைச் சொல்லுங்க. இந்த இடத்தை மட்டும் சொல்லிடாதீங்க.”

மறுநாள் அவள் அழைத்ததும் அவனே முந்திக்கொண்டு பேசினான்.

“அம்மா, நீதானே? எங்கம்மா இருக்க?”

விலாசம் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு எண்ணைப் படித்தாள். “அங்க போய் சேர்ந்துக்கடா. நான் வந்து பார்க்கறேன்.”

“எனக்கு ஒண்ணுமில்ல. நீ வீட்டுக்கு வா.” வைத்துவிட்டான்.

மையத்தில் புதன்கிழமைதோறும் குடும்பத்தாருக்குக் கூட்டம் நடக்கும். மகன் சேராமலே அவள் போனாள். அடுத்தவர்களின் பிள்ளைகள் அம்மாக்களின் பக்கத்தில் வந்து உட்காருவதை ஐந்து புதன்கிழமையும் பார்த்துவிட்டுத் தனியே பஸ் ஏறினாள்.

ஆறாவது வாரம் நர்ஸ் வாசலிலேயே நிறுத்தினார். “உங்க பையன் சனிக்கிழமை வந்து சேர்ந்துட்டாரும்மா. ஆனா இன்னும் ரெண்டு வாரம் பார்க்க முடியாது.”

அந்த இரண்டு வாரம் நகரவே மாட்டேன் என்றது.

அது கழிந்த புதன்கிழமை, மேசைக்கு அந்தப் பக்கம் அவனை உட்கார வைத்தார்கள். தோளெலும்பு சட்டைக்குள் துருத்திக்கொண்டிருந்தது. அவள் முகத்தைப் பார்க்காமல் மேசையிடம் பேசினான்.

“இது முடிஞ்சதும் வீட்டுக்குப் போயிடலாம்மா. ரெண்டு பேரும்.”

இந்த ஒரு வார்த்தைக்குத்தான் இத்தனை நாள் தவம் கிடந்தாள். சரிடா என்று சொல்லிவிட வாயெடுத்தாள்.

“இல்லடா. நான் தனியா ஒரு ரூம் பார்த்திருக்கேன். நீ நல்லபடியா தேறி வா. வாரா வாரம் வந்து பார்க்கறேன்.”

அவன் மேசையைப் பார்த்தபடியே தலையாட்டினான்.

நேரம் முடிந்தது என்று நர்ஸ் சொன்னதும் எழுந்தாள். எட்டி அவன் தலையில் கை வைத்தாள். முடி ஈரமாக இருந்தது. அவளைப் பார்க்கக் குளித்துவிட்டு வந்திருந்தான்.