புஸ்பத்தின் கிணறு கரித்த நாட்கள்

1930ஆம் ஆண்டு தொடங்கி இருபத்துநான்கு வருசம், தேற்றாத்தீவில் புஸ்பத்தின் கிணறு மாதத்தில் எட்டு நாள் உப்பாகவும் மிகுதி நாட்களில் இளநீராகவும் இருந்தது. அது ஒரு நாள்கூடப் பிசகவில்லை. பஞ்சாங்கம்தான் இரண்டு தரம் பிசகியது. அவள் தீட்டுக் கழிந்து தலைமுழுகிய ஐந்தாம் நாள் கரிக்கத் தொடங்கும், எட்டு நாள் கழியத் தெளியும். தன் ஐந்து பிள்ளைகளும் உப்புநாட்களில் கருவில் தரித்தவர்கள் என்று அவள் விரல்விட்டுப் பார்த்துக் கண்டது, ஐந்தாவது பேற்றில் மூன்று நாள் நினைவின்றிக் கிடந்து எழும்பிய பிறகுதான். “இன்னொண்டெண்டா நீ மிஞ்சமாட்டாய்” என்று மருத்துவிச்சி சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. நாளுக்கு ஏழு தரம் வாளியை இறக்கி நாக்கில் வைத்துப் பார்ப்பாள்.

உப்புப் போடாத கஞ்சி கரித்தால், அவள் புருசன் சாமித்தம்பி பாயைச் சுருட்டிக்கொண்டு உப்புநீர் வாவி தாண்டி வட்டைக்குப் போய், வயல் நடுவே காவல் பரணில் படுக்கவேண்டும். வீடும் கிணறும் அவளுடைய சீதனம். குருக்கள்மடம் ஊரிலிருந்து வந்து குடியேறியவன் என்ன செய்வான்? “கிணத்துக்குத் தெரியுமா உன்ட உடம்பு? வாவி ஊறி வருகுது புள்ள.” “ஊறட்டும். நீங்க தோணிய எடுங்க.” அவளே உப்பள்ளிப் போடுகிறாள் என்ற சந்தேகத்தில், போகும்போதெல்லாம் உப்புச் சட்டியையும் தோணியில் ஏற்றிக்கொண்டு போனான். அந்த எட்டு நாளும் வீட்டில் கறிக்கு அது தேவைப்படவில்லை. பக்கத்து வயல்காரர்கள், “மச்சான், பண்டிக்குக் காவலா, பொஞ்சாதிக்குப் பயமா?” என்று பரணுக்குக் கீழே நின்று கேட்பார்கள். பன்றிகளோ அவன் போட்ட கூச்சலில் மனம் வெறுத்துக் குடும்பத்தோடு மண்டூர்ப் பக்கம் போய்விட்டன. ஆறாவது பிள்ளை வரவில்லை. அது தற்செயல் என்றான் சாமித்தம்பி, பதினோரு வருசமாக.

பரண் வாசத்தின் பன்னிரண்டாம் வருச மாரியில் கடல் கரையேறி வாவியோடு கைகோத்தது. ஊர்க் கிணறுகள் அத்தனையும் உப்பாகின. எட்டு நாள் முடிந்து அவன் தோணியால் இறங்கியபோது, ஊரே குடத்தோடு புஸ்பத்தின் படலை வாசலில் நின்றது. அந்தக் கிணறு மட்டும் இளநீராய் இருந்தது. ஒரு வாளி முழுக்கக் குடித்தான். வாவி என்று வாயெடுத்தவன் இன்னொரு வாளி இறக்கினான்.

அடுத்த மாதம் ஊர்க் கிணறுகள் தெளிந்தன. புஸ்பம் தலைமுழுகிய ஐந்தாம் நாள், விடியப்புறம் அவளுக்கு முன்னமே எழும்பிப்போய்த் தண்ணீர் அள்ளியவன் சாமித்தம்பி. வாயில் வைத்துத் துப்பினான். பாயைச் சுருட்டினான். உப்புச் சட்டியைத் தூக்கினான், மறுகா அடுப்படியிலேயே வைத்தான்.

“ஓம் புள்ள, கரிக்குது. உன்ட கிணறு சொல்றது சரிதான். நான் வட்டைக்குப் போயிட்டு வாறன்.”